நாற்பதாயிரமா, இருபத்தேழாயிரமா?

என் அக்கா மகளுக்கு இந்த ஆகஸ்டில் சட்டக் கல்லூரி தொடங்குகிறது. நியூஜெர்சியில் பிறந்து வளர்ந்தவள், வயது 23. கல்லூரி முடித்ததும் ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி செய்யும் ஓர் அமைப்பில் கொஞ்ச நாள் வேலை பார்த்தாள். அங்கே இருந்தபோது பிடித்துக்கொண்ட ஆசை, பப்ளிக் டிஃபெண்டர் ஆவது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக அரசுச் சம்பளத்தில் வாதாடும் வேலை. அக்காவுக்கு இதில் பெரிய உற்சாகம் கிடையாது, ஆனால் தடுக்கவும் இல்லை.

மார்ச்சுக்குள் இரண்டு கல்லூரிகளிலிருந்து ஸ்காலர்ஷிப் கடிதம் வந்துவிட்டது. "நீதானே கணக்குப் பார்க்கிறவன், பார்த்துச் சொல்லுடா" என்று அக்கா இரண்டையும் எனக்கு அனுப்பிவிட்டாள். நான் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் பிரீமியம் நிர்ணயிக்கும் பிரிவில் இருக்கிறேன். சட்டம் தெரியாது. ஒரு கடிதத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை விட்டுவிட்டுப் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரியும், அவ்வளவுதான்.

கல்லூரிகளின் பெயர் வேண்டாம். ஒன்று மத்திய மேற்கில், பெரிய ஏரியை ஒட்டிய நகரத்தில் இருக்கிறது. இன்னொன்று அக்கா வீட்டிலிருந்து ரயிலில் போய்வரக்கூடிய ஒரு சின்ன ஊரில். வீட்டில் 'ஏரி', 'ரயில்' என்றுதான் பேசிக்கொண்டோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

இரண்டும் ஏறக்குறைய சமம். சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான எல்சாட்டின் சராசரியில் ஒரு மதிப்பெண் வித்தியாசம். யூஎஸ் நியூஸ் பத்திரிகையின் தரவரிசைப் பட்டியலில் ஏரி சில இடங்கள் மேலே இருக்கிறது. அத்தான் அதையே பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பட்டியலின் லட்சணம் 2022 நவம்பரிலேயே தெரிந்துபோனது. யேலும் ஹார்வர்டும் இனிமேல் எங்கள் தகவலைத் தரமாட்டோம் என்று விலக, மற்றவர்களும் பின்னாலேயே விலக, அந்தப் பத்திரிகை மதிப்பிடும் முறையையே மாற்றியது. படிப்பும் பேராசிரியர்களும் மாறாமலே சில கல்லூரிகள் ஒரே வருடத்தில் பத்து இடத்துக்கு மேல் ஏறின, சில இறங்கின. நாட்டின் முதல் பதினைந்து கல்லூரிகளுக்குள் ஒன்று, ஐம்பதுக்குப் பின்னால் ஒன்று என்றால் பேச்சே வேறு. பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டுக்குள் இதை வைத்து முடிவெடுக்க ஒன்றுமில்லை.

சரி, பணத்துக்கு வருவோம்.

ஏரி வருடத்துக்கு 40,000 டாலர் தருவதாகச் சொன்னது. ரயில் 27,000. மூன்று வருடத்துக்கு 1,20,000 எதிரே 81,000. அக்கா கண்ணில் பட்டது அந்த 39,000 வித்தியாசம்தான். யாராக இருந்தாலும் அதுதான் படும். கடிதத்தை எழுதுகிறவர்களும் அப்படிப் படவேண்டும் என்றுதான் எழுதுகிறார்கள்.

ஆனால் ஸ்காலர்ஷிப் தொகை என்பது தள்ளுபடி. அதை வைத்து விலையைச் சொல்ல முடியாது. ஏரியின் கட்டணம் 58,000, நகரத்தில் வாடகை, சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்த்து 24,000. தள்ளுபடி போக 42,000. ரயிலின் கட்டணம் 54,000, சின்ன ஊர் என்பதால் செலவு 18,000. தள்ளுபடி போக 45,000. மூன்று வருடத்துக்கு 1,26,000 எதிரே 1,35,000. முப்பத்தொன்பதாயிரம் இங்கேயே ஒன்பதாயிரமாகச் சுருங்கிவிட்டது.

அடுத்து, பெரும்பாலான கல்லூரிகள் வருடாவருடம் கட்டணத்தை ஏற்றுகின்றன. ஏரியின் கடிதத்தில் "40,000 டாலர்" என்று எண் போட்டிருந்தது. ரயிலின் கடிதத்தில் "கட்டணத்தில் பாதி" என்றும், முதல் வருடத்துக்கு அது 27,000 என்றும் இருந்தது. மேலோட்டமாகப் படித்தால் இரண்டும் ஒரே மாதிரி வாக்கியம்தான். கட்டணம் வருடத்துக்கு 4 சதவீதம் ஏறும் என்று நானாக வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தேன். ஏரியில் ஏறுகிற ஒவ்வொரு டாலரும் அவள் தலையில் விழும், மூன்று வருடத்தில் கூடுதலாக ஏழாயிரம் சொச்சம். ரயிலில் பாதிதான் விழும், மூவாயிரத்து முந்நூறுக்குள். வித்தியாசம் இப்போது ஐயாயிரத்துச் சில்லறை.

இவ்வளவும் நல்லபடியாக நடந்தால். ஏரியின் கடிதத்தில் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: முதல் வருட முடிவில் மாணவர் வகுப்பின் மேல் பாதிக்குள் இருந்தால் மட்டுமே ஸ்காலர்ஷிப் தொடரும். ரயிலுக்கு அப்படி ஒன்றுமில்லை. கல்லூரியை விட்டு நீக்கும் அளவுக்கு மதிப்பெண் சரியாமல் இருந்தால் போதும்.

அக்காவிடம் இதைச் சொன்னபோதுதான் சண்டை வந்தது.

"மேல் பாதிதானே? கிண்டர்கார்டனிலிருந்து இன்னைக்கு வரைக்கும் இவ எதுலயாவது பின்னால நின்னிருக்காளா?"

நிற்கவில்லைதான். நான் பார்த்து வளர்ந்த பிள்ளை, எனக்குத் தெரியாதா? சிக்கல் என்னவென்றால், அந்த வகுப்பில் வந்து உட்காரப்போகிற யாருமே எதிலும் பின்னால் நின்றவர்கள் இல்லை. ஒரே எல்சாட், ஒரே மாதிரி ஜிபிஏ (பட்டப்படிப்பு மதிப்பெண் சராசரி) என்று சலித்து எடுத்த கூட்டம். அதற்குள்ளேயும் ஒரு பாதி கீழ்ப்பாதியாகத்தான் இருந்தாக வேண்டும். நூறு பேருக்கு ஐம்பது நாற்காலி போட்டுவிட்டு, நன்றாக ஓடுகிறவர்களுக்கு நாற்காலி நிச்சயம் என்று சொல்வதில் என்ன இருக்கிறது?

அமெரிக்க சட்டக் கல்லூரிகளின் முதல் வருடத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒப்பந்தச் சட்டம், குற்றவியல், சொத்து, சிவில் நடைமுறை என்று எல்லாருக்கும் ஒரே பாடங்கள். பெரும்பாலும் செமஸ்டர் முடிவில் ஒரே ஒரு பரீட்சை, மொத்த மதிப்பெண்ணும் அதற்குத்தான். வகுப்பு சராசரி இவ்வளவுதான் இருக்கலாம் என்று கல்லூரியே பேராசிரியருக்கு வரம்பு வைத்திருக்கும். அதைத்தான் கர்வ் என்கிறார்கள். எல்லாரும் பிரமாதமாக எழுதினாலும் எல்லாருக்கும் ஏ போட முடியாது. நடுவில் இருப்பவர்களுக்குள் ஒரு பாடத்தில் பி, பி பிளஸ் வித்தியாசம்தான் மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் கோடு. பரீட்சை வாரத்தில் ஒரு காய்ச்சல் வந்தால் போதும், ஸ்காலர்ஷிப் போய்விடும்.

"நீ என் பொண்ண நம்பல" என்றாள் அக்கா. இதற்கு என்ன பதில் சொல்வது? தம்பி சொன்னால் கோபம் வரும் என்று தெரிந்தேதான் வாயைத் திறந்தேன். நல்லவேளை, ஸ்பீக்கரில் அவளும் இருந்தாள். "அம்மா, மாமா என்னைப் பத்திப் பேசல. கர்வைப் பத்திப் பேசறார்" என்றாள். அவள் சொன்ன பிறகு அக்கா கொஞ்சம் இறங்கி வந்தாள்.

இந்த நிபந்தனை எத்தனை பேரைக் கவிழ்க்கிறது என்று ஊகிக்க வேண்டியதே இல்லை. அமெரிக்க வழக்கறிஞர் சங்கமான ஏபிஏ, தன் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் வருடந்தோறும் ஓர் அறிக்கை வெளியிட வேண்டும் என்று விதித்திருக்கிறது. விதியின் எண்ணைச் சொல்லியே 509 அறிக்கை என்பார்கள். கல்லூரியின் வலைத்தளத்தில் எங்கேயாவது ஒரு மூலையில் கிடக்கும். எல்சாட், ஜிபிஏ, கட்டணம், பாதியில் விட்டுப் போனவர்கள் என்று எல்லாம் அதில் உண்டு. நிபந்தனையோடு ஸ்காலர்ஷிப் தருகிற கல்லூரி என்றால் அதற்கென்று தனி அட்டவணை இருக்கும்: நிபந்தனையோடு எத்தனை பேர் சேர்ந்தார்கள், பிறகு எத்தனை பேருக்குக் குறைக்கப்பட்டது அல்லது நிறுத்தப்பட்டது. ஏரியில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குப் போயிருந்தது. அதுவும் ஒரு வருடம் மட்டுமல்ல, அட்டவணையில் இருந்த எல்லா வருடங்களிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். ரயிலில் அந்த அட்டவணைக்கு வேலையே இல்லை.

எங்கள் தொழிலில் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்போடு நடக்கிற விபத்துக்கு யாரும் பாலிசியே எழுதமாட்டார்கள்.

இந்த இடத்தில் பேரம் பேசலாம் என்று முடிவு செய்தோம். நம்மவர்களுக்குக் கல்லூரியிடம் பேரம் என்றாலே கூச்சம். கொடுத்ததே பெரிது, கேட்டால் அதையும் பிடுங்கிவிடுவார்களோ என்று அத்தான் பயந்தார். இங்கே அது சாதாரண நடைமுறை. சில கல்லூரிகள் அதற்கென்று தனிப் படிவமே வைத்திருக்கின்றன, இன்னொரு கல்லூரியின் கடிதத்தை இணைக்கச் சொல்லிக் கேட்கின்றன. கடிதத்தை அவளே எழுதினாள். நான் செய்ததெல்லாம் அதில் இருந்த மூன்று 'மன்னிக்கவும்'களை எடுத்ததுதான். ஏரியிடம் இரண்டில் ஒன்றைக் கேட்டாள்: தொகை அப்படியே இருக்கட்டும், நிபந்தனையை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மேல் பாதி என்பதைத் தளர்த்துங்கள். ரயிலிடம் தொகையைக் கூட்ட முடியுமா என்றும், "பாதி" என்பது மூன்று வருடமும் பாதிதானா என்றும் கேட்டாள். முன்பணம் கட்டவேண்டிய தேதிக்கு முன்பே கேட்டாக வேண்டும். கட்டிய பிறகு நம்மிடம் சொல்ல ஒன்றும் இருக்காது.

ரயில் மரியாதையாகக் கையை விரித்துவிட்டது. பணம் இல்லை, ஆனால் மூன்று வருடமும் பாதிதான் என்று எழுத்தில் உறுதி தந்தார்கள். ஏரியின் பதில்தான் சுவாரசியம். கேட்ட இரண்டையும் விட்டுவிட்டு, கேட்காத ஒன்றைத் தந்தார்கள். 40,000 இப்போது 45,000. நிபந்தனையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

யோசித்துப் பார்த்தால் அவர்களுக்கு அதுதான் லாபம். கூட்டிக் கொடுத்த ஐயாயிரம் முதல் வருடம் எல்லாருக்கும் போகும். இரண்டாம் வருடத்திலிருந்து மூன்றில் ஒருவருக்கு முழுத் தொகையும் மிச்சம். நிபந்தனையைத் தளர்த்தியிருந்தால் அந்த மிச்சம் கிடைக்காது. என்னைக் கேட்டால், இரண்டு கடிதத்தையும் விட அந்தப் பதில்தான் அந்தக் கல்லூரியைப் பற்றி எனக்கு அதிகம் சொன்னது.

வீட்டில் மறுபடி குழப்பம். எல்லாம் நல்லபடியாகப் போனால் ஏரி இப்போது மூன்று வருடத்தில் சுமார் 20,000 மலிவு. முதல் வருடத்தோடு ஸ்காலர்ஷிப் போய்விட்டால்? இரண்டாம் வருடம் 84,000, மூன்றாம் வருடம் 87,000 என்று கிட்டத்தட்டக் கட்டவேண்டியிருக்கும். மொத்தம் 2,08,000. ரயிலின் 1,38,000த்தை விட 70,000 அதிகம். மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பில் 20,000 லாபம், ஒரு பங்கு வாய்ப்பில் 70,000 நஷ்டம். கூட்டிக் கழித்தால் சராசரியாகப் பத்தாயிரம் நஷ்டம். சராசரியை விடுங்கள். இருபதாயிரம் குறைந்தால் அக்கா வீட்டில் ஒருவரும் பட்டினி கிடக்கப்போவதில்லை. எழுபதாயிரம் கூடினால் வீட்டு மேல் கடன் வாங்கவேண்டி வரும். "அப்படிப் போச்சுன்னா வேற காலேஜுக்கு மாறிக்கலாமே" என்று அத்தான் கேட்டார். மாறலாம்தான். ஆனால் மாறிப்போகிறவர்களுக்கு ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. தவிர, கீழ்ப்பாதியில் இருக்கிற மாணவரை இதே தரத்துக் கல்லூரி எதற்குத் தேடி எடுக்கப்போகிறது?

விஷயத்தை உண்மையில் முடித்து வைத்தது அக்கா மகள்தான். கடன் சட்டம் மாறியிருப்பதை எடுத்துக்கொண்டு வந்தாள். இதுவரை சட்டம் படிக்கிறவர்கள் கிராட் பிளஸ் என்ற கடன் மூலம் ஆகிற செலவு முழுவதையும் மத்திய அரசிடமே வாங்க முடிந்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் அதை நிறுத்திவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு கிராட் பிளஸ் கிடையாது. சட்டம், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்கு வருடத்துக்கு 50,000, மொத்தம் 2,00,000 என்று உச்சவரம்பு. அதற்கு மேல் தேவைப்பட்டால் தனியார் வங்கிதான், அதற்கு அக்காவோ அத்தானோ உடன் கையெழுத்துப் போடவேண்டி வரும்.

ரயிலில் வருடச் செலவு 45,000இலிருந்து 47,000 சொச்சம் வரை. மூன்று வருடமும் வரம்புக்குள் அடங்கிவிடும். ஏரியில் ஸ்காலர்ஷிப் போனால் வருடத்துக்கு 34,000த்துக்கு மேல் வெளியே தேடவேண்டும்.

இதில் அவளுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அரசு வேலையிலோ லாப நோக்கமில்லாத அமைப்பிலோ முழுநேரமாக இருந்துகொண்டு 120 மாதத் தவணை கட்டினால் மீதிக் கடனை மத்திய அரசு தள்ளுபடி செய்யும் திட்டம் 2007 முதல் இருக்கிறது. பிஎஸ்எல்எஃப் என்பார்கள். பப்ளிக் டிஃபெண்டர்களில் பலர் இதை நம்பித்தான் அந்தச் சம்பளத்தில் காலம் தள்ளுகிறார்கள். அது மத்திய அரசுக் கடனுக்கு மட்டும்தான், தனியார் கடனில் ஒரு பைசாகூடக் குறையாது. "மாமா, அந்தக் கடன் வந்துட்டா நான் பப்ளிக் டிஃபெண்டர் ஆக முடியாது. பெரிய கம்பெனிக்குத்தான் போகணும். கீழ்ப்பாதியில இருந்தா அவங்களும் எடுக்கமாட்டாங்க" என்றாள்.

அவள் சொன்னது சரி. பெரிய நிறுவனங்கள் 2023 கடைசியிலிருந்து முதல் வருட வக்கீலுக்கு 2,25,000 டாலர் தருகின்றன. அதைப் பார்த்துவிட்டுத்தான் நம் ஆட்கள் சட்டம் என்றால் பணம் என்கிறார்கள். மற்ற பெரும்பாலோர் அதில் பாதிகூட வராத சம்பளத்தில் தொடங்குகிறார்கள், நடுவில் ஆள் குறைவு. இந்தத் தரத்துக் கல்லூரிகளில் பெரிய நிறுவனங்கள் மேலே இருக்கிற சிலரைத்தான் எடுப்பார்கள்.

பிஎஸ்எல்எஃப் பத்து வருடம் கழித்து எந்த உருவத்தில் இருக்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. என் கணக்கில் அதை ஒரு பைசாவுக்கும் எடுத்துக்கொள்ளவில்லை. கிடைத்தால் சந்தோஷம்.

வேலை விஷயத்தையும் பார்த்தோம். அதற்கும் ஏபிஏ அறிக்கை உண்டு, படித்து முடித்துப் பத்து மாதம் கழித்து யார் எங்கே இருக்கிறார்கள் என்று. அதில் 'வேலையில் இருப்போர்' என்று கல்லூரி விளம்பரம் செய்கிற சதவீதத்தைப் பார்க்கக்கூடாது. முழுநேரம், நீண்டகாலம், வழக்கறிஞர் தேர்வில் தேர்ச்சி தேவைப்படும் வேலை, இந்த மூன்றும் சேர்ந்த கட்டத்தை மட்டும் பார்க்கவேண்டும். அதில் இரண்டு கல்லூரிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பட்டதாரிகள் அதிகம் போகிற மூன்று மாநிலங்கள் என்ற பகுதியில்தான் வித்தியாசம். ரயிலில் நியூஜெர்சி இருந்தது, ஏரியில் இல்லை. தேர்வு மதிப்பெண்ணை மாநிலம் விட்டு மாநிலம் மாற்றிக்கொள்ள இப்போது பெரும்பாலான மாநிலங்கள் விடுகின்றன, அதனால் ஏரியில் படித்தால் இங்கே வேலை பார்க்க முடியாது என்றில்லை. ஆனால் கோடை விடுமுறையில் எந்த ஊர் நீதிமன்றத்தில் பயிற்சி எடுக்கிறோமோ அந்த ஊரில்தான் நாலு பேருக்கு முகம் தெரியும்.

ரயிலுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. ஏரிக்கு அன்றைக்கே வரவில்லை என்று எழுதிவிட்டாள், காத்திருப்புப் பட்டியலில் யாரோ ஒருவருக்கு அந்த இடம் போகும். அக்காவுக்கு 45,000த்தை விட்டதில் இன்னும் ஆற்றாமைதான். "நாப்பத்தஞ்சாயிரம் குடுக்கறேன்னு சொன்னவங்கள வேண்டாம்னு சொன்ன குடும்பம் நம்ம குடும்பம்தான்" என்று போன வாரம்கூடச் சொன்னாள். பாதி பெருமையாகவும் இருந்தது போலிருந்தது, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இன்னும் இரண்டு வேலை மிச்சம். கல்லூரி தன் மருத்துவக் காப்பீட்டைத் தானாகக் கட்டணத்தில் சேர்த்துவிடும். 26 வயது வரை பெற்றோர் காப்பீட்டிலேயே இருக்கலாம் என்பதால் அதை வேண்டாம் என்று விண்ணப்பம் போடவேண்டும். கடைசித் தேதி விட்டால் சில ஆயிரம் வீண். அப்புறம், அரசுக் கடனுக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. 2025-26க்கான 7.94 சதவீதத்தை வைத்துப் பார்த்தால் முதல் வருடத்து 45,000க்கு மட்டும் பட்டம் வாங்குவதற்குள் ஒன்பதாயிரத்தைத் தாண்டும். கையில் இருக்கிற சேமிப்பை முதல் வருடமே போட்டுக் கடனைக் குறைப்பதா, அல்லது படிப்பு முடிந்து வழக்கறிஞர் தேர்வுக்குப் படிக்கிற, சம்பளமே வராத அந்தக் கோடைக்கு வைத்துக்கொள்வதா என்று அவளும் நானும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம். நான் முதல் கட்சி. அவள் இரண்டாவது.